மாப்பிள்ளை காதில் விழுந்த சத்தம்

இரவு வேலை பார்க்கும் நர்ஸுக்குக் காலை என்பது மற்றவர்களுக்கு இருக்கிற காலை இல்லை. தெருவே பல் தேய்த்து, முகம் கழுவி, அவசர அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில் அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவாள். கால் இரண்டும் வீங்கியிருக்கும். சீருடையை மாற்றிக்கொண்டு, இருப்பதை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, மாடியறைக்குப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். கண் சொருகும். சரியாக அப்போது பார்த்துக் கீழே சமையலறையில் யாராவது குழாயைத் திறப்பார்கள்.

அவ்வளவுதான், தூக்கம் போச்சு. அந்த மாடியறையின் கூரைக்கு மேலேதான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் ஒரு மிதவை வால்வு. தொட்டி நிறைந்தால் ஒரு பிளாஸ்டிக் பந்து மேலே எழும்பி, தெருவிலிருந்து வருகிற தண்ணீரை நிறுத்தும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பந்து இறங்கி வழிவிடும். எந்த வீட்டிலும் இருக்கிற சாதாரண சாமான்தான். ஆனால் இந்த வீட்டு வால்வுக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்து கல்லாகியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறும்போதும் முதலில் மூக்கடைத்தவன் முனகுவது போல நீளமாக ஓர் ஊளை கேட்கும். பிறகு பந்து அலையில் தத்தளிக்க, வால்வு திறந்து மூடிப் படபடவென்று அடித்துக்கொள்ளும். கடைசியில் குழாய் முழுக்க அதிர்ந்து, அவள் தலைமாட்டுச் சுவரில் டம் டம் என்று இடிக்கும். கீழே ஒரு டம்ளர் கழுவினாலும் மேலே இத்தனையும் நடக்கும்.

இதை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னாள். கணவனிடம் நல்லபடியாகச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டும் சொன்னாள். அவனோ, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் தூங்கவில்லையா, எல்லாம் பழகிவிடும் என்றான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. மாமியாரிடம் சொன்னால், பகலில் என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கிறது, வீடு என்றால் மனுஷர்கள் புழங்கத்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது.

பகலில் என்ன தூக்கமாம். இரவெல்லாம் கண் விழித்து ஊரார் உயிரைக் காப்பாற்றிவிட்டு வருகிறவள் பகலில் தூங்காமல் வேறு எப்போது தூங்குவாள்? கீழே போய்ப் படுக்கலாம் என்றால் அங்கே இருந்த ஒரே அறை மாமியாருடையது. கூடமோ எந்நேரமும் ஆள் நடக்கிற வழி.

ஒருமுறை அவளே ஒரு பிளம்பருக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்த நேரம் தொட்டி நிறைந்திருந்தது. நிறைந்த தொட்டி சத்தம் போடாது. அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்றார். ஒரு குழாயைத் திறந்து காட்டியிருந்தால் போதும், விஷயம் தெரிந்திருக்கும். மாமியார் அதைச் செய்யாமல், மருமகள் பகலில் தூங்குகிறவள், அவள் காதுக்கு மட்டும்தான் அது கேட்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அந்த மனிதரை அனுப்பிவைத்துவிட்டார். இத்தனையும் நடந்தபோது அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

கணவன் அந்த வால்வைத் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் அவள் தொல்லை தாங்காமல் மேலே ஏறி, பந்து ஆடாமல் இருக்க அதன் கம்பியைத் துணிக்கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வந்தான். பந்தைக் கட்டிப்போட்டால் தண்ணீரை எது நிறுத்தும்? தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் ஊற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். மறு நிமிஷம் கணவன் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டான். சத்தம் பழையபடி அவள் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வீட்டு வழக்கமே அப்படித்தான். வீட்டில் இருக்கிறவர்களுக்காக எதுவும் பழுது பார்க்கப்படாது. ஒரு விருந்தாளி வருகிறார் என்றால் மட்டும் கழன்ற தாழ்ப்பாளுக்கு ஆணி கிடைக்கும், எரியாத விளக்குக்குப் பல்பு கிடைக்கும். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஒரே கவலையில்தான் அங்கே சுத்தியலும் ஸ்பேனரும் வெளியே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணவன் ஒரு டெலிபோன் கம்பெனியில் வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவில் மேற்பார்வையாளன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் புகாரை ஆமாம் ஆமாம் என்று பொறுமையாகக் கேட்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. தூக்கம் கெட்டால் முதலில் கோபம் வரும், பிறகு தலைவலி வரும், பிறகு எதுவுமே உறைக்காது. அவள் அந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்திருந்தாள். பஸ்ஸில் இறங்குமிடம் தவறியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று விடிகாலையில் வார்டில் நடந்தது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. சர்க்கரை நோயாளி ஒருவருக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரிடம் போய் நின்றாள். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. குடல் அறுவை முடிந்து, இன்னும் எதுவும் சாப்பிடக்கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். அந்த ஊசி ஏறினால் சர்க்கரை அடியோடு இறங்கி உயிரே போய்விடும். அந்த மனிதர் அவளைப் பார்த்ததும் சிரித்தபடி தானாகவே சட்டைக் கையை மேலே சுருட்டினார். போடும்மா என்றார். ஊசி தோலைத் தொடப்போகிற நேரத்தில் கூட வேலை பார்க்கிற நர்ஸ் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

தலைமை நர்ஸ் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, இன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வா என்றார். நாளைக்கும் இதே கண்ணோடு வந்தால் வார்டுக்குள் விடமாட்டேன் என்றார். அவளுக்கு அது மிரட்டலாகப் படவில்லை, நியாயமாகத்தான் பட்டது. இன்று தூங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யார் வீட்டுப் பெரியவராவது என் கையால் போய்விடுவார் என்ற ஒரே நினைப்போடு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் புதுச் செருப்பு இரண்டு ஜோடி கிடந்தது. நாத்தனாரும், அந்த வீட்டு மாப்பிள்ளையான நாத்தனார் வீட்டுக்காரரும் முந்தின நாள் அவள் வேலைக்குப் போன பிறகு வந்திருக்கிறார்கள். கணவன் இரவில் கீழே கூடத்தில்தான் படுப்பான், மாடியறை காலியாகத்தானே கிடக்கிறது என்று அதிலேயே அவர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. அவள் படியேறிப் போனாள்.

மாடி வராந்தாவில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் உச்சியில், தொட்டிக்குள் தலையை நுழைத்தபடி ஒரு பிளம்பர். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, சாட்சாத் அவள் கணவன் நின்றான். பக்கத்தில் நாற்காலியில் மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு புது வால்வு, பிரிக்காத பெட்டியோடு இருந்தது.

பிளம்பர் கழற்றிய பழைய வால்வை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சத்தம் எத்தனை நாளாக இருக்கிறது என்று மேலிருந்தபடியே கேட்டார்.

"நேத்து ராத்திரிதாங்க ஆரம்பிச்சிருக்கு" என்றான் கணவன்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அவன் அதை மனசாரச் சொல்கிறான். அவனைப் பொறுத்தவரை மாப்பிள்ளை காதில் விழுந்த பிறகுதான் அந்தச் சத்தம் பிறந்திருக்கிறது. அதற்கு முன்னால் அது சத்தமே இல்லை, பெண்டாட்டியின் புலம்பல்.

அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. விருந்து வேலையில் கீழே குழாய் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லையாம், மாப்பிள்ளை இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லாமல் இருந்தாராம், கேட்டதும் தனக்கு மானமே போய்விட்டதாம், விடிந்ததும் விடியாததுமாக ஆளைக் கையோடு கூட்டிவந்துவிட்டானாம். இனிமேல் உனக்கும் நிம்மதி என்று வேறு சேர்த்துக்கொண்டான். ஒரு பாராட்டுக்காகக் காத்து நிற்கிற முகம் அது.

அவள் தலையை நிமிர்த்தி மேலே இருந்த பிளம்பரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, புதுசை மாட்டாதீங்க. கழட்டினதையே திரும்ப மாட்டி, தண்ணியைத் திறந்து விடுங்க."

பிளம்பருக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கூப்பிட்டு வந்திருக்கிறார், வீட்டுக்காரி இப்படிச் சொல்கிறாள், யார் பேச்சைக் கேட்பது என்று முழித்தார். கணவன் ஏணியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளை முன்னாடி இது என்ன கூத்து என்று பல்லைக் கடித்தான்.

"மாப்பிள்ளை முன்னாடி சொன்னாத்தானே உங்களுக்குக் காது கேக்குது" என்றாள் அவள்.

மாப்பிள்ளை டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா என்று ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவர் போலத் தடுமாறினார். பாவம், நல்ல மனிதர்தான்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. நீங்க ஒரே ஒரு தடவை சொன்னீங்க. உடனே ஆள் வந்தாச்சு, லீவு போட்டாச்சு, புது வால்வும் வந்தாச்சு. நான் மழைக்காலத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

பிறகு அவள் மாடியறைக் கதவைத் திறந்து கணவனுக்குக் கட்டிலைக் காட்டினாள். படுங்கள் என்றாள். அவன் இது என்ன விளையாட்டு என்றான். அவள் மறுபடியும் படுங்கள் என்றாள், அதே குரலில். சத்தம் போட்டிருந்தால் அவனும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பான். அவள் கத்தாததுதான் அவனைப் பயமுறுத்தியது. மச்சான், அக்கா சொல்றபடி கொஞ்ச நேரம் படுத்துத்தான் பாருங்களேன் என்று மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சொன்ன பிறகு அந்த வீட்டில் அப்பீல் ஏது? அவன் அசடு வழிந்தபடி போய்ப் படுத்தான். பிளம்பர் பழைய வால்வை மாட்டித் தண்ணீரைத் திறந்தார். அவள் படிக்கட்டில் எட்டிப் பார்த்து, அத்தை, நீங்கள் எப்போதும்போல உங்கள் வேலையைப் பாருங்கள் என்று குரல் கொடுத்தாள்.

மேலே நடப்பது எதுவும் தெரியாத மாமியார் வழக்கம்போலப் பாத்திரம் கழுவினார். ஊளை கிளம்பியது. கணவன் முதலில் சிரித்தான். படபடப்பு ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. குழாய் சுவரில் டம் டம் என்று இடித்தபோது தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தான். அவள் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடுங்கள் என்றாள். மூடினான். கொஞ்ச நேரம் ஓய்ந்தது. உடம்பு தளர்ந்து மூச்சு சீராகிற நேரத்தில் கீழே யாரோ கை கழுவினார்கள், மறுபடி முதலிலிருந்து ஊளை. பிறகு வாளி நிறைந்தது. பிறகு துணி துவைக்கும் மெஷின் தண்ணீர் இழுத்தது. ஓய்ந்ததும் எப்போது மறுபடி வரும் என்று காது தானாகவே காத்துக்கொண்டிருக்குமே, அந்தக் காத்திருப்பு சத்தத்தைவிடக் கொடுமை. அதை அவன் முகத்தில் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவே இல்லை, அதை ஒளிப்பானேன்.

"சரி, போதும். ஒத்துக்கறேன்" என்று அவன் எழுந்தான்.

"என்ன போதும்? இன்னும் ஒரு வேளைச் சமையல்கூட முடியல" என்றாள். பிறகு அவள் அடக்கிவைத்திருந்தது உடைந்தது. "இன்னிக்குக் காலையில ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். தெரியுமா உங்களுக்கு? பக்கத்துக் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசி. அவர் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினார், போடும்மான்னு. கூட இருந்தவ என் கையைப் பிடிக்கலன்னா அவர் இந்நேரம் இல்ல. அப்படி ஆகியிருந்தா அது யார் செஞ்ச கொலை? நான் மட்டும் செஞ்சதா?"

வராந்தாவில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கணவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெரியவர் கையை நீட்டிய விதம் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். தன் வலது கையின் சட்டைக் கையை அவன் வெறுமனே தடவிக்கொண்டிருந்தான்.

பிறகு மெல்ல எழுந்து வெளியே போனான். ஏணிக்குக் கீழே நின்று பிளம்பரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். சத்தம் நேத்து ஆரம்பிக்கல. மாசக்கணக்கா இருக்கு. என் வீட்டுக்காரி சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் காதுல வாங்கல. புதுசை மாட்டிடுங்க, அந்தக் குழாயையும் சுவத்துல ஆடாம பிடிச்சு இறுக்கிடுங்க."

மாப்பிள்ளையின் முன்னால், ஒரு வெளியாளிடம், அதை அவன் வாயால் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அவளுக்கும் அது புரிந்தது. ஆனாலும் அவள் ஆறிவிடவில்லை.

படிக்கட்டின் மேல்படியில் மாமியார் நின்றிருந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஏறி வந்தவர், ஊசி விஷயம் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் பார்த்தாள். மாமியார் அவள் கண்ணைச் சந்திக்காமல், முந்தானையில் கையைத் துடைத்தபடி பிளம்பரிடம் போனார்.

"அப்படியே போறப்ப கீழ குளிக்கிற அறையில எனக்கு ஒரு கைப்பிடி அடிச்சுக் குடுத்துட்டுப் போப்பா. தரை வழுக்குது. ரெண்டு தடவை விழப் பார்த்தேன்."

கணவன் ஆடிப்போய்த் திரும்பினான். இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை.

"சொன்னேனே. ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு சொன்ன."

சொல்லிவிட்டு மருமகள் பக்கம் வந்து நின்றார். அவளும் சொல்லிச் சொல்லி விட்டவள்தான், தானும் சொல்லிச் சொல்லி விட்டவள்தான் என்பது அந்த அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருத்தி பேச்சை இன்னொருத்தியும் சேர்ந்து மிதித்தால் இரண்டு பேர் பேச்சும் மண்ணோடு போகும். அன்றைக்கு அந்த ஆளைச் சிரித்து அனுப்பியது என் தப்பு, நீ தூங்கி எழுகிற வரைக்கும் கீழே குழாயைத் திறக்க மாட்டேன் என்றார். அதற்கு அவசியமில்லை அத்தை, புது வால்வு சத்தம் போடாது, நீங்கள் தாராளமாகப் புழங்குங்கள் என்றாள் அவள். குரலில் இன்னும் சூடு இருந்தது, ஆனால் அது அவர் மேல் இல்லை.

பிளம்பர் வேலையை முடித்துக் கீழே ஒரு குழாயைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் ஏறுவதே தெரியவில்லை. மாப்பிள்ளையும் நாத்தனாரும் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள். அவள் அறைக்குள் போய்த் திரையை இழுத்தாள். கணவன் வாசற்படியில் நின்று, தன்னை மன்னித்துவிடு என்றான். கண் கலங்கியிருந்தது.

"மன்னிப்பை அப்புறம் பார்த்துக்கலாம். எனக்கு இப்போ தூக்கம் வேணும். நாளைக்கு என்னை நம்பிக் கையை நீட்டுறவங்க இருக்காங்க" என்றாள். கதவில் கையை வைத்தவள் சாத்தாமல் நின்றாள். "ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பகல்ல தூங்கறதும் உழைச்ச தூக்கம்தான். வலிக்குது, வழுக்குது, தூங்க முடியலன்னு வீட்ல ஒருத்தர் சொன்னா, அது நிஜமான்னு விருந்தாளி வந்து சாட்சி சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அதுக்குள்ள ஒரு உயிர் போயிடும்."

கதவைச் சாத்தினாள். கணவன் கீழே இறங்கிப் போய், குளிக்கிற அறையில் கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டான்.